ஸ்கேன் எதைப் பார்த்தது என்று கேளுங்கள்

தைராய்டு கேன்சருக்கு ஆபரேஷன் முடிந்து, அயோடின் குடித்து வீடு திரும்பிய யாரிடமாவது, எப்போது ரொம்பப் பயந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் அன்று என்று சொல்கிறவர்கள் குறைவு. அதற்கு அப்புறம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை, டாக்டர் வருவதற்குள் வராந்தாவிலேயே கவரைப் பிரித்துப் படித்தபோது என்றுதான் பலரும் சொல்வார்கள். அதில் நமக்குப் புரிகிற வார்த்தை இரண்டு மூன்றுதான் இருக்கும், அந்த இரண்டு மூன்றும் பயமுறுத்துகிற வார்த்தைகளாகவே இருந்து தொலைக்கும்.

எனக்கு வந்தது பாப்பில்லரி வகை. தைராய்டு முழுவதையும் எடுத்தாகிவிட்டது, மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கிற கதிரியக்க அயோடினும் குடித்தாகிவிட்டது. இதெல்லாம் நடந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சொந்தக்காரர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் ரிப்போர்ட் படிக்கிற ஆளாகிவிட்டேன். களக்காட்டிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வாட்ஸப்பில் போட்டோ வரும், "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று. நான் டாக்டர் இல்லை. அதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். நான் செய்வது ஒன்றே ஒன்றுதான், ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பி வைப்பேன்: இந்த ஸ்கேன் எதைப் பார்த்தது?

எந்த ஸ்கேனும் கேன்சரை நேராகப் பார்ப்பது கிடையாது. அயோடின் ஸ்கேன், குடித்த அயோடின் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டும். பெட் ஸ்கேன், ஊசியில் ஏற்றின சர்க்கரையை அதிகமாக இழுத்த இடத்தைக் காட்டும். கழுத்து அல்ட்ராசவுண்ட் உருவத்தைக் காட்டும். அங்கே இருப்பது கேன்சரா வேறு எதாவதா என்பது ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம், அந்த மனிதருக்கு உங்கள் பழைய கதை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அயோடின் ஸ்கேன். தைராய்டு செல்லில் ரத்தத்திலிருந்து அயோடினை உள்ளே இழுக்கிற பம்பு மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. கேன்சராக மாறிய தைராய்டு செல்லிலும் அது பெரும்பாலும் மிச்சமிருக்கும், அதை நம்பித்தான் 1940-களிலிருந்து இந்த வைத்தியமே நடக்கிறது. ஆனால் அதே பம்பு உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இரைப்பையிலும் பால் சுரக்கிற மார்பிலும் உண்டு. வயலுக்கு விட்ட தண்ணீரை வரப்புப் புல்லும் குடிக்கத்தான் செய்யும். மிச்சமான அயோடின் எச்சில், வியர்வை, சிறுநீர் என்று எல்லா வழியிலும் வெளியேறும். அதனால் படத்தில் வாய், மூக்கு, வயிறு, குடல், மூத்திரப்பை எல்லாம் கறுப்பாக விழும். அது இயல்புதான்.

என் படத்தில் இவையெல்லாம் போக இடது தோளில் கூடுதலாக ஒரு புள்ளி விழுந்தது. நம்ம பக்கத்து ஆட்கள் அயோடினுக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ போவார்கள். நான் போனது எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அயோடின் குடித்தவர்களை எலுமிச்சை மிட்டாய் சப்பச் சொல்வது உண்டு, உமிழ்நீர்ச் சுரப்பியில் அயோடின் தங்கி அதைக் கெடுத்துவிடாமல் இருக்க. சப்பினால் எச்சில் ஊறும், ஊறினால் துடைப்போம். நான் தனி அறையில் இருந்த நாளெல்லாம் இடது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அதிலேயே வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன், போதாததற்கு அந்த அறையில் வியர்வை வேறு. ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஏம்மா, தோள்ல துண்டு கிண்டு போட்டிருந்தியளா?" என்று கேட்டார். தோளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு கவுன் கொடுத்து, மறுபடி படுக்க வைத்தார். இரண்டாவது படத்தில் அந்தப் புள்ளி இல்லை.

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் படத்தை வைத்து யாரோ அதற்குள் ரிப்போர்ட் தட்டிவிட்டார்கள், "எலும்புக்குப் பரவியிருக்கலாம், மேற்கொண்டு பார்க்கவும்" என்று. அந்தத் தாளும் என் ஃபைலில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது படத்தின் ரிப்போர்ட்டும் பின்னாலேயே இருக்கிறது, ஆனால் ஃபைலைப் புரட்டுகிறவர்கள் முதலில் கண்ணில் படுகிற தாளோடு நின்றுவிடுவார்கள் போல. ஒவ்வொரு முறை ஃபாலோஅப் போகும்போதும் புதிதாக வந்த ஒரு சின்ன டாக்டர், "எலும்புக்குப் பரவியிருந்துச்சாமே?" என்று கேட்பார், நான் துண்டுக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர் நம்பவே இல்லை.

சரி, என்னுடையதாவது ஒரு புள்ளி. அம்பாசமுத்திரத்தில் இருக்கிற சின்னம்மைக்குப் படத்தில் ஈரல் முழுக்க லேசாகக் கறுத்திருந்தது. அவள் மகன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அழுதுகொண்டே போன் பண்ணினான், "கேன்சர் ஈரலுக்குப் போயிட்டுன்னு நினைக்கேன்க்கா" என்று. அயோடின் வைத்தியத்துக்கு அப்புறம் எடுக்கிற படத்தில் ஈரல் முழுக்கப் பரவலாகக் கறுப்பது சாதாரணம். கழுத்தில் மிச்சமிருக்கும் தைராய்டுத் திசு அந்தக் கதிரியக்க அயோடினை வைத்தே ஹார்மோன் செய்து ரத்தத்தில் விடுகிறது, அதை உடைத்து ஒதுக்குகிற வேலை ஈரலுடையது. அதனால் அங்கே தெரிகிறது. குவியலாக ஒரே இடத்தில் தெரிந்தால் யோசிக்க வேண்டும், பரவலாகத் தெரிந்தால் ஈரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நியூக்ளியர் மெடிசின் டாக்டர் இதைக் காப்பி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்தாராம். அதற்குள் வீட்டில் பாபநாசத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் நேர்ச்சை போட்டாகிவிட்டது. நேர்ச்சையை விடக் கூடாது என்று சின்னம்மை இரண்டுக்கும் போயும் வந்துவிட்டாள்.

நுரையீரல் கொஞ்சம் சிக்கலான இடம், ஏனென்றால் பாப்பில்லரி நிஜமாகவே அங்கே போகக்கூடியது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற குடும்பங்களில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. அதில் ஒரு அக்காவுக்குச் சின்ன வயதில் டிபி வந்து மாத்திரை சாப்பிட்டு ஆறியிருக்கிறது. அந்தப் பழைய தழும்பு இருக்கிற இடத்திலேயே அயோடின் தங்கிக் கறுப்பாக விழுந்துவிட்டது. தழும்பு, சளி கட்டிய மூச்சுக்குழாய், நாள்பட்ட தொற்று இதெல்லாம் அயோடினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவளிடம் டிபி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அவளும் சொல்லவில்லை. முன்பக்கம் பின்பக்கம் என்று தட்டையாக எடுக்கிற பழைய மாதிரிப் படத்தில் புள்ளி உடம்புக்குள் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஸ்பெக்ட் சிடி என்று முப்பரிமாணப் படத்தையும் சிடியையும் சேர்த்து எடுத்தால் அந்தப் புள்ளி எந்த உறுப்பின் மேல் விழுகிறது என்பது தெரிந்துவிடும். அவளுக்கு அப்படி எடுத்த பிறகுதான் தழும்பு என்று முடிவானது. சந்தேகமான புள்ளி என்று யாராவது சொன்னால், ஸ்பெக்ட் சிடி எடுத்தார்களா என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இல்லாததை இருப்பதாகக் காட்டின கதை. எனக்கு அதைவிடப் பயம், இருப்பதை இல்லை என்று காட்டுகிற படம்தான். அந்த மாதிரி ரிப்போர்ட்டை யாரும் எனக்கு அனுப்ப மாட்டார்கள், அல்வாவோடுதான் நேரில் வருவார்கள்.

வள்ளியூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, எங்கேயும் ஒன்றும் இல்லை. பேச்சோடு பேச்சாக, அதற்கு இரண்டு வாரம் முன்னால் வயிற்று வலிக்காக வேறொரு இடத்தில் சிடி எடுத்ததாகச் சொன்னார். ஊசி போட்டு எடுத்தார்களா என்று கேட்டேன். ஆமாம், உடம்பெல்லாம் திகுதிகுவென்று சூடாக இருந்தது என்றார். அந்த ஊசி மருந்து அயோடின் கலந்தது. 100 மில்லி ஏற்றினால் அதில் சுமார் 30 கிராம் அயோடின் இருக்கும். அயோடின் ஸ்கேனுக்கு முன்னால் நாம் இருக்கிற பத்தியத்தில் ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். கிராம் எங்கே, மைக்ரோகிராம் எங்கே! சாதா அயோடின் உடம்பு முழுக்க நிரம்பிக் கிடக்கும்போது கதிரியக்க அயோடினைச் செல் எங்கே உள்ளே எடுக்கும்? படம் வெள்ளையாகத்தான் வரும், உள்ளே எது இருந்தாலும். அவரை அல்வாவோடு திருப்பி அனுப்ப மனசில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் இந்த சிடி விஷயத்தைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு மூன்று மாதம் இடைவெளி விட்டு, சிறுநீரில் அயோடின் அளவு பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தார்கள்.

இதய நோய்க்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதை. ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைக்குள் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும்.

பத்தியம் என்று சொன்னேன் அல்லவா, நம்ம ஊரில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. தூத்துக்குடி உப்பளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனால் 2006 முதல் சமையலுக்கு விற்கிற உப்பில் அயோடின் சேர்த்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கல்லுப்பு என்றால் அயோடின் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கல்லுப்பிலும் சேர்த்திருப்பார்கள். எந்த உப்பு என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கடல் மீன், நெத்திலிக் கருவாடு, முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு வாரம் ஒதுக்கி வைக்க வேண்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவர்கள் இருக்கிறார்கள், திசையன்விளையில் எனக்கு ஒரு மாமா உண்டு, பத்தியத்தின் நடுவில் "கருவாட்டுக் கொழம்புல கருவாட்டத் திங்கல, கொழம்ப மட்டுந்தான் ஊத்தினேன்" என்று நியாயம் பேசினார்.

இன்னொன்று டிஎஸ்எச், தைராய்டு செல்லை வேலை செய்யச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோன். அயோடின் ஸ்கேனுக்கு அது 30-க்கு மேலே ஏறியிருக்க வேண்டும், அப்போதுதான் மிச்சம் மீதி செல்கள் அயோடினை நன்றாக இழுக்கும். அதற்காகத்தான் தைராய்டு போன நாம் தினமும் சாப்பிடுகிற தைராக்சின் மாத்திரையை மூன்று நாலு வாரம் நிறுத்துகிறார்கள், அல்லது விலை கூடிய ஒரு ஊசி போடுகிறார்கள். மாத்திரை இல்லாத அந்த வாரங்களில் முகம் வீங்கி, கை கால் அசந்து, பேசவே சோம்பலாக இருக்கும். வீட்டில் பாவப்பட்டு யாராவது "ஒரு மாத்திரை போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது" என்பார்கள். போடக் கூடாது. ஸ்கேன் அன்றைய டிஎஸ்எச் எவ்வளவு என்பது ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் "ஸ்கேன் நார்மல்" என்று இருந்தால் எனக்குப் பாதி ரிப்போர்ட் படித்த மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல் மட்டுமே செய்கிற புரதம். தைராய்டை எடுத்து, அயோடினும் கொடுத்த பிறகு அது கிட்டத்தட்ட இல்லாமல் போக வேண்டும். படம் சொல்வதை நம்பலாமா என்று சரிபார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது, ஆனால் இதுவும் ஏமாற்றும். ஏறக்குறைய நாலில் ஒரு நோயாளிக்கு இந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும், அது இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். ஆன்டிபாடியும் சேர்த்துப் பார்க்காமல் தைரோகுளோபுலினை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. ஆன்டிபாடி இருக்கிறவர்களுக்கு அந்த ஆன்டிபாடி வருஷா வருஷம் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் கவனிப்பார்கள். லேபுக்கு லேபு எண் வேறு மாதிரி வரும், அதனால் ஒரே லேபில் பார்ப்பது உத்தமம்.

தைராக்சின் மாத்திரை சாப்பிடும்போது எடுத்த தைரோகுளோபுலின் அளவையும் மாத்திரையை நிறுத்தி எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நான் அடிக்கடி பார்க்கிற பயம். போன தடவை 0.2-க்குக் கீழே, இந்தத் தடவை 0.8, ஏறிவிட்டது என்று கலங்கிப்போவார்கள். டிஎஸ்எச் ஏறினால் தைரோகுளோபுலினும் ஏறத்தான் செய்யும். மாத்திரையோடு எடுத்தால் 0.2-க்குக் கீழே, நிறுத்தி எடுத்தால் 1-க்குக் கீழே இருப்பதை நல்ல நிலைமை என்று கணக்கு வைக்கிறார்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்வதே இல்லை, அதை யார் மருந்தென்று நினைக்கிறார்கள்? தைராய்டு போனவர்களுக்கு முடி கொட்டுவது சகஜம் என்பதால் நம்ம கூட்டத்தில் பயோட்டின் சாப்பிடுகிறவர்களும் அதிகம். சில லேபு இயந்திரங்களில் அது தைரோகுளோபுலினையும் டிஎஸ்எச்சையும் குறைத்துக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாளாவது முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், அளவு கூடிய மாத்திரை என்றால் இன்னும் முன்னாலேயே.

அல்ட்ராசவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தில் நிணநீர்க் கட்டி, அதாவது லிம்ப் நோடு, இல்லாத மனிதர் கிடையாது. பல் சொத்தைக்கும் தொண்டைப் புண்ணுக்கும் அது வீங்கும். நீள்வட்டமாக, நடுவில் கொழுப்பு மையத்தோடு இருந்தால் பெரும்பாலும் சாது. உருண்டையாகி, அந்த மையம் அழிந்து, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு மாதிரிப் புள்ளிகளோ நீர்ப்பையோ தெரிந்தால்தான் சந்தேகம். ஆபரேஷனில் போட்ட தையல் நூலைச் சுற்றி வருகிற கட்டியும் படத்தில் வில்லன் மாதிரியே இருக்கும். சந்தேகமானதை ஊசியால் குத்தி எடுக்கும்போது, அந்த ஊசியைக் கழுவின நீரிலும் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து நிணநீர்க் கட்டிக்குள் அந்தப் புரதம் இருக்க நியாயமே இல்லை, இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் சின்னக் கட்டி எல்லாவற்றையும் குத்தவும் வேண்டியதில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி, குறுக்களவு 8 முதல் 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதைக் குத்தாமல் கவனித்து வரலாம் என்கிறது.

பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போகிறது, அயோடின் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்கிற நிலைமையில்தான் அது உதவும், ஏனென்றால் சில கேன்சர் செல்கள் நாளடைவில் அயோடினை இழுப்பதை மறந்துவிட்டுச் சர்க்கரையை இழுக்க ஆரம்பித்துவிடும். ஆனால் வேலை செய்கிற தசையும், புண் ஆறுகிற இடமும், டிபி வந்த நிணநீர்க் கட்டியும் சர்க்கரையை இழுக்கும். ஆபரேஷனில் ஒரு பக்கக் குரல் நரம்பு பழுதானவர்களுக்கு, மறுபக்கக் குரல்நாண் கூடுதலாக உழைப்பதால் அது பளிச்சென்று தெரிந்து வயிற்றைக் கலக்கும். 2021-இல் கொரோனா தடுப்பூசி போட்ட கைப்பக்கம் அக்குளில் கட்டி கட்டியாகத் தெரிந்து பலபேர் பயந்தார்கள். இன்னொரு வேடிக்கை, குளிர். உடம்பு குளிர்ந்தால் சூடு உண்டாக்குகிற ஒரு வகைக் கொழுப்பு கழுத்திலும் தோளிலும் சர்க்கரையை எரிக்கும், நாம் கட்டி தேடுகிற அதே இடத்தில். நெல்லை வெயிலில் வளர்ந்த நம்மைக் கொண்டுபோய் ஏசி அறையில் ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தால் நடுங்காமல் என்ன செய்வோம்? போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயையும் மூடிக்கொண்டு இருங்கள், பக்கத்துச் சேர்க்காரர் எந்த ஊர் என்று விசாரிக்க வேண்டாம்.

போன தடவை ஃபாலோஅப்புக்கு அண்ணனும் கூட வந்தான். தைரோகுளோபுலின் தெரியாத அளவு, ஆன்டிபாடி இல்லை, கழுத்தில் 6 மில்லிமீட்டரில் ஒரு நிணநீர்க் கட்டி, நீள்வட்டம், கொழுப்பு மையம் இருக்கிறது. டாக்டர் அயோடின் ஸ்கேன் தேவையில்லை என்றார். ஆபத்து குறைந்த வகையினருக்கு ரத்தமும் அல்ட்ராசவுண்டும் நன்றாக இருந்தால், வழக்கமாக முழு உடம்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அதே 2015 வழிகாட்டி சொல்வதாகவும் விளக்கினார். அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கும் ஒரு தடவ உடம்பு முழுக்கப் பாத்துருவோமே சார், செலவப் பத்தி ஒண்ணுமில்ல" என்றான்.

"பார்க்கலாம்ங்க. பார்த்தா எங்கயாவது ஒரு புள்ளி தெரியும். ரத்தத்துல ஒண்ணுமில்லாதப்போ அந்தப் புள்ளிய வச்சு நான் என்ன செய்யட்டும்?" என்றார் டாக்டர்.

அண்ணனிடம் பதில் இல்லை, ஆனால் சமாதானமும் ஆகவில்லை. ஒரு வருடம் கழித்து ரத்தமும் கழுத்து அல்ட்ராசவுண்டும் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் வண்ணாரப்பேட்டை வரைக்கும், வேறொரு டாக்டரிடம் காட்டிப் பார்ப்போமா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.